கடைசிப் பதினோரு கம்பத் தூரம்

அந்தக் குதிரையை நான் நடக்கவைத்தது ஓடப் பயந்துகொண்டு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மத்திகிரியைத் தாண்டி இருக்கும் அந்தக் குதிரை லாயத்தின் உரிமையாளர், வந்தவர் போனவரிடமெல்லாம் இரண்டு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "மேடத்துக்கு ஓடறதுன்னா பயம். அதான் பாவம், குதிரையப் புடிச்சிப் புடிச்சி நடக்க வெக்கறாங்க." என் காதில் விழும்படியே சொன்னார். பெங்களூரிலிருந்து வந்த இளைஞர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஒரு துளையின் விட்டம் தலைமுடி அளவு கூடினாலும் அந்தப் பொருளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஏன் கூடியது என்று எழுதவேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன். குதிரைக்கென்று தனி நோட்டு. ஆகவே இங்கே நான் சொல்வதில் பாதி நினைவு, மீதி நோட்டில் இருப்பது.

உரிமையாளர் பேரிகைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பசுமைக்குடிலில் ரோஜா போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த நிலத்தில் லாயம் கட்டினார். ஐந்து குதிரைகள். சனி, ஞாயிறு காலையில் பெங்களூர்க்காரர்கள் காரில் வந்து இறங்குவார்கள். ஒன்றரை மணி நேரச் சவாரி. அரசுக் கால்நடைப் பண்ணையின் வேலியை ஒட்டிப் போய், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளைக் கடந்து, தைல மரத் தோப்புக்குள் நுழைந்து, பாறை வரை சென்று, ஏரிக்கரை வழியாகத் திரும்பவேண்டும். நான் நான்கு வருடமாக ஞாயிறுதோறும் போகிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எனக்கு நகர்கின்றன என்று சொன்னால் மிகையில்லை.

நான் நடக்கவைத்தது அங்கிருந்த செந்நிறப் பெட்டைக் குதிரையை. அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது. கத்தியவாரி என்கிற குஜராத் இனத்தின் கலப்பு. காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். கெட்ட புத்தி துளியும் கிடையாது. கடிக்காது, உதைக்காது. ஆனால் யாரோ தூரத்தில் கூப்பிட்டுவிட்ட மாதிரி எப்போதும் ஒரு அவசரம். வரிசையில் முன்னால் போகவேண்டும். முன்னால் போனால் இன்னும் முன்னால். நடக்கச் சொன்னால் நடக்கும், இருபது அடி. பிறகு உடம்பைக் குலுக்கிக்கொண்டு சின்ன ஓட்டம். இழுத்துப் பிடித்தால் குறுக்காக, நண்டு மாதிரி ஓடும். பாறையைத் தொட்டு வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஏறியவர் கை மரத்துப்போகும்.

ஒரு சனிக்கிழமை இது ஒரு பெங்களூர்க்காரரை ஏரிக்கரையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி, கேட் முன்னால் சடாரென்று நின்றது. அவர் நிற்கவில்லை. எருக்குழியில் போய் விழுந்ததால் அடி இல்லை. ஆனால் இணையத்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்து நீளமாக எழுதிவிட்டார். அடுத்த நாள் உரிமையாளர் என்னிடம், இதைக் காவேரிப்பட்டினத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவருக்குக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னார். பழைய நாற்காலியைத் தள்ளிவிடுவது பற்றிப் பேசுகிற குரல்.

கல்யாணக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரி சாலையில் ஒரு மண்டப வாசலில், ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் பேண்டு செட், காலடியில் பட்டாசுச் சரம், முதுகில் வெல்வெட் விரிப்பின்மேல் மாப்பிள்ளை. குதிரை ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வாய்க்குள் முறுக்குக் கம்பி. நுரை இளஞ்சிவப்பாக இருந்தது. அது ஆடவில்லை, வலியிலிருந்து வாயை விடுவிக்கத் தலையைத் தூக்கித் தூக்கிக் காலை மாற்றிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த ஒருவர், "சூப்பரா ஸ்டெப் போடுது பாருங்க" என்றார். அந்த இரவு என் நோட்டில் ஒரு வரிதான் இருக்கிறது. அதை இங்கே எழுத முடியாது.

நீயே வாங்கிக்கொள்ளவேண்டியதுதானே என்று என் தங்கை கேட்டாள். மத்திகிரியில் இரண்டு அறை வாடகை வீடு. ஸ்கூட்டரை நிறுத்தவே வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஆகவே உரிமையாளரிடம் எட்டு வாரம் கேட்டேன். எட்டு வாரத்தில் இதை நிதானமாக நடக்கவைத்தால் சவாரிக்கே வைத்துக்கொள்வீர்களா என்றேன். ஒத்துக்கொண்டார். "ட்ரை பண்ணுங்க மேடம். ஆனா இது பொறவியே அப்புடி" என்று சொல்லிவிட்டு, யாரிடமோ கன்னடத்தில் போன் பேசப் போய்விட்டார்.

பிறவியே அப்படி. இந்தச் சொல்தான் எனக்கு ஆகவே ஆகாது. தொழிற்சாலையிலும் இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் இதையேதான் சொல்வார்கள், மெஷினே அப்படி என்று. போய்ப் பார்த்தால் யாரோ தினமும் ஒரு தப்பைத் தவறாமல் செய்துகொண்டிருப்பார்கள்.

முதல் இரண்டு வாரம் நான் எதையும் மாற்றவில்லை. பார்த்து எழுதினேன். திங்கள் முதல் வெள்ளிவரை குதிரை கொட்டடியிலேயே கட்டிக்கிடக்கிறது. அந்த ஐந்து நாளும் வேளைக்கு வேளை கொள்ளு. சனிக்கிழமை பத்துப் பேர் வந்து நிற்கும்போது வெளியே கொண்டுவந்து, ஏன் துள்ளுகிறது என்று அதையே கேட்கிறார்கள். துள்ளியதற்காக வாயில் முறுக்குக் கம்பி போட்ட கடிவாளம். தலையைத் தூக்காமலிருக்கக் கழுத்திலிருந்து வயிற்றுப் பட்டைக்கு ஒரு கயிறு. உள்ளே கொள்ளு, வெளியே கயிறு. இதை வடிவமைத்தவர் என் பிரிவில் இருந்திருந்தால் அன்றைக்கே விளக்கம் கேட்டிருப்பேன்.

ஆனால் பெரிய தப்பு அது இல்லை. அது ஏரிக்கரை முனையிலிருந்து லாயத்துக் கேட்வரை உள்ள மண் சாலையில் இருந்தது. நேரான சாலை. ஓரத்தில் பதினோரு மின்கம்பங்கள், மின்வாரியம் எண் எழுதியவை. என் வசதிக்கு ஏரி முனைக் கம்பத்தை ஒன்று என்றும் கேட் கம்பத்தைப் பதினொன்று என்றும் குறித்துக்கொண்டேன். அந்த லாயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் குதிரை நடையிலேயே போய்வருகிற வாடிக்கையாளர்களுக்குக் கடைசியில் ஒரு சந்தோஷம் வேண்டுமாம். முதல் கம்பத்தில் எல்லோரையும் நிறுத்தி, ஒவ்வொருவராக நாலுகால் பாய்ச்சலில் விடுவார்கள். உரிமையாளர் கேட்டில் கைபேசியோடு நின்று வீடியோ எடுப்பார். அதற்கு 'வீடியோ ஓட்டம்' என்றே பெயர். ஓடி வந்த குதிரை கேட்டைத் தொட்டதும் சேணத்தைக் கழற்றி, அங்கேயே தயாராக இருக்கும் வாளியில் ஊறவைத்த கொள்ளு.

வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று சவாரி. இதைவிடச் சுத்தமாக ஒரு குதிரைக்குப் பாடம் எடுக்க யாராலும் முடியாது. ஏரியைக் கண்டால் ஓடு, வீட்டை அடைந்தால் தின்னு. குதிரை அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் எடுத்துத் தேறியது. ஏரியில் ஓடச் சொன்னால் தோப்பிலேயே தயாரானது, தோப்பில் தயாராவதற்குப் பாறையிலேயே அவசரப்பட்டது. அதற்குத் தண்டனை முறுக்குக் கம்பி. அதற்கும் அடங்கவில்லை என்றால் காவேரிப்பட்டினம்.

நான் உரிமையாளரிடம் நோட்டைக் காட்டினேன். எந்தக் கம்பத்தில் எந்த வேகம் என்று கோடு போட்டு எழுதியிருந்தேன். மரியாதையாகத்தான் பார்த்தார். பிறகு, வீடியோ இல்லை என்றால் ஒருவரும் வரமாட்டார்கள் என்றார். இந்தக் குதிரைக்கு மட்டுமாவது வேண்டாம் என்றேன். அதற்குச் சம்மதித்தார். எட்டு வாரத்துக்கு மட்டும்.

லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் கிருஷ்ணகிரிக்காரர், என் வயதுதான் இருக்கும். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. ஆனால் முதலில் அவரோடும் ஒரு சண்டை. கேட்டில் வாளி வைக்கக் கூடாது, வந்து அரைமணி கழித்துத்தான் தீனி என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"களைச்சி வர்ற உசுரு மேடம். வந்ததும் ஒரு வாய் வெச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"மனசு ஆறட்டும் பாய். அரைமணி கழிச்சி ஆறட்டும்."

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வாளியை அவரே கொட்டடியின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். கொள்ளைக் குறைத்து ராகித் தாளைக் கூட்டினார். பகலில் கட்டை அவிழ்த்து வேலிக்குள் மேயவிட்டார். பரணிலிருந்து ஒரு பழைய கடிவாளத்தை எடுத்து வந்து கொடுத்தார். முறுக்கில்லாத, நடுவில் ஒரு மூட்டு மட்டும் உள்ள வழவழப்பான கம்பி. கழுத்துக் கயிற்றை நானே கழற்றிப் போட்டேன்.

ஞாயிறு போதவில்லை. என் ஷிஃப்ட் மதியம் இரண்டு மணிக்கு என்பதால், வாரநாளிலும் மூன்று காலை போனேன். செய்த வேலை மிக எளிமையானது, பார்ப்பதற்கு மிக முட்டாள்தனமானது. முதல் கம்பத்தில் வீட்டை நோக்கி நடப்போம். நடக்கிறவரை லகான் தளர்ந்திருக்கும். குதிரை ஓட ஆரம்பித்த நொடியில் இழுக்கமாட்டேன், அடிக்கமாட்டேன். ஒரு பக்கமாகத் திருப்பி ஏரியைப் பார்த்து நடப்பேன். தலை தாழ்ந்து மூச்சு சீரானதும் மறுபடி வீட்டுப் பக்கம். மறுபடி ஓடினால் மறுபடி ஏரி. அவசரப்பட்டால் வீடு தள்ளிப்போகும், நிதானமாக நடந்தால் நெருங்கும். கேட்டை அடைந்தாலும் நிற்காமல் தாண்டிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

முதல் நாள் மூன்றாம் கம்பத்தைத் தாண்டப் பதினான்கு முறை திரும்பினோம். அந்தச் சாலையில் ஒரு டீக்கடை இருக்கிறது. கம்பெனிப் பேருந்துக்காக நிற்கிற பையன்களும் பெண்களும் அங்கேதான் கூடுவார்கள். திருநெல்வேலிப் பேச்சும் சேலத்துப் பேச்சும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் கேட்கும். நான் அவர்களுக்குத் தினசரி நிகழ்ச்சி ஆகிவிட்டேன்.

"மேடம், வழி தெரியலியா? மேப்பு போட்டுக் குடுக்கட்டா?"

"ஏய், சும்மா இருல. அவங்க லைசென்ஸுக்கு எட்டு போடுதாங்க."

பேருந்து வருவதற்குள் எத்தனை முறை திரும்புவேன் என்று பந்தயம் கட்டினார்கள். இதில் எனக்குக் கோபமில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சிரிப்பு வேண்டும். என் கோபம், ஞாயிறு காலைகளில் தன் கேட்டில் சாய்ந்துகொண்டு, விருந்தினர்களிடம் என் பயத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தவர்மேல்தான்.

நான்காம் வாரம் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டோம். எட்டாம் கம்பம்வரை அருமையாக நடக்கும். எட்டில் உடம்பு இறுகும், காது முன்னால் போகும், ஓட்டம். அந்த வாரம் போன நாலு நாளும் அதே கம்பம். அங்கே என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்த்தேன். குப்பை இல்லை, நாய் இல்லை, சத்தம் இல்லை. பாய்தான் வேலி ஓரம் நின்று கவனித்துச் சொன்னார்.

"கொறை குதிரைகிட்ட இல்ல மேடம். ஏழாவது கம்பம் தாண்டுனதும் நீங்க லகானச் சுருட்டறீங்க. முட்டிய இறுக்கறீங்க. இப்ப ஓடப்போவுது, இப்ப ஓடப்போவுதுன்னு நீங்கதான் அதுக்குச் சொல்றீங்க."

இரவு நோட்டைப் புரட்டினேன். உண்மைதான். ஒருநாள் எட்டில் ஓடியது, நான் எழுதினேன். எழுதியதால் மறுநாள் எட்டுக்கு முன்பே தயாரானேன். நான் தயாரானதை அது கட்டளையாக எடுத்துக்கொண்டது. மூன்று வாரமாக மற்றவர்களைக் குற்றப்பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்த என் பெயரும் அதில் இருந்தது. அன்றிலிருந்து சவாரியின்போது கம்பங்களை எண்ணுவதை நிறுத்தினேன். தோப்பின் உச்சியைப் பார்த்துக்கொண்டு, மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு வந்தேன். எழுதுவதெல்லாம் இறங்கிய பிறகுதான். இரண்டாம் நாளே எட்டைத் தாண்டி நடந்தது.

ஆறாம் வாரம் தனியாக வந்தால் பதினோரு கம்பமும் நடைதான். மிச்சமிருந்தது ஒன்று. மற்றக் குதிரைகள் ஓட, இது மட்டும் நடக்குமா? கூட்டமாக வாழ்கிற பிராணியைப் பின்னால் விட்டுவிட்டு மற்றவை ஓடுவது சாதாரண விஷயமில்லை. அதற்கு இன்னும் இரண்டு வாரம் வைத்திருந்தேன்.

அந்த இரண்டு வாரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஏழாம் வாரத்து ஞாயிறு. ஐந்து குதிரைகளும் போயிருந்தோம், நான் கடைசி. ஏரிக்கரை முனையை அடைந்தபோது கேட்டில் உரிமையாளரோடு ஒரு வெள்ளை வேட்டிக்காரர் நிற்பது தெரிந்தது. பாய் முதல் கம்பம்வரை எதிரே நடந்து வந்து, என் சேணத்தைச் சரிசெய்வது போலக் குனிந்து சொன்னார். "காவேரிப்பட்டினத்துக்காரர் வந்திருக்காரு மேடம். இன்னிக்கே வண்டியில ஏத்தறதாப் பேச்சு."

எட்டு வாரம் என்று சொன்னவர். நானும் எட்டு என்றே எழுதி, தேதி போட்டு வைத்திருந்தேன். என் கோபம் முழுவதும் தொடை வழியாகக் குதிரைக்குப் போனது. அது தலையைத் தூக்கியது. நான் வேண்டுமென்றே தோளைத் தொங்கவிட்டேன்.

முதல் குதிரை பாய்ந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. புழுதியில் கேட் மறைந்தது. செந்நிறப் பெட்டை நடுங்கியது. இரண்டடி ஓட்டமெடுத்தது. நான் லகானை இழுத்துப் பிடிக்கவில்லை. அங்கேயே ஒரு முறை, ஒரே முறை, ஏரிப் பக்கம் திருப்பினேன். பத்து அடி போய் மறுபடி வீட்டைப் பார்த்துத் திருப்பினேன். புழுதிக்குள்ளிருந்து உரிமையாளர் கையை வீசி, "விடுங்க மேடம், விடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவருக்கு அதன் வேகத்தைக் காட்டவேண்டுமல்லவா.

நாங்கள் நடந்து வந்தோம். முதலில் காது இரண்டும் கேட்டையே குறிவைத்திருந்தன. பாதி வழியில் ஒரு காது என் பக்கம் திரும்பியது. பிறகு பெருமூச்சு விட்டது, மூக்கிலிருந்து புழுதியோடு. அதற்கப்புறம் கழுத்து நீண்டு தாழ்ந்தது. கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஏற்கெனவே வந்த நாலு குதிரைகளுக்கும் சேணம் கழற்றி ஆகியிருந்தது.

காவேரிப்பட்டினத்துக்காரர் குதிரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாங்க இது? கல்யாணத்துக்கு ஓணும்னு கேட்டா, கருமாதிக்குப் போற மாதிரி வருது?"

உரிமையாளர் அவசரமாக, "இல்லீங்க, செம ஸ்பீடு. மேடம் பயந்துகிட்டுப் புடிச்சி வெச்சிருக்காங்க" என்றார்.

"எங்கீங்க புடிச்சிருக்காங்க? லகான் தொங்குது பாருங்க."

அவர் தொழில் தெரிந்தவர். கிடந்த தகர வாளியை எடுத்து, தப்பு மேளம் அடிக்கிற தாளத்தில் நாலு தட்டுத் தட்டினார். நல்ல கல்யாணக் குதிரை அதற்கே காலைத் தூக்குமாம். இது பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. மறுபடி தட்டினார். ஒரு காதைத் திருப்பியது, அவ்வளவுதான். தூங்குமூஞ்சி என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு இடம் பார்க்கவேண்டும் என்று கிளம்பினார். ஏற்ற வந்த வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

உரிமையாளர் ஒரு வாரம் என்மேல் கோபமாக இருந்தார். எட்டு வாரம் என்று சொன்னீர்களே என்று கேட்டதற்கு, வாய்ப்பு வரும்போது விடமுடியுமா என்றார். வெட்கம் இல்லை. நான் அவர் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாகத்தான் அவருக்கு வருத்தம்.

வருத்தம் அதிக நாள் நீடிக்கவில்லை. வாங்க ஆள் இல்லாத குதிரையைச் சவாரிக்கு விட்டுத்தானே ஆகவேண்டும்? விட்டார். முதல் தடவையாகக் குதிரையேறுகிற ஒரு அம்மாள் லகானை ஊறுகாய் ஜாடி மாதிரிப் பிடித்துக்கொண்டு போய், பத்திரமாகத் திரும்பி வந்து, இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். அடுத்த வாரம் விளம்பரத்தில் செந்நிறப் பெட்டையின் படம், கீழே 'குழந்தைகளும் பயமின்றி ஏறலாம்'. கேட்டில் நின்று, "நானே பழக்குனது சார், டூ மன்த்ஸ் உக்காந்து பழக்குனேன்" என்று ஒருவரிடம் சொல்வதையும் கேட்டேன். பாய் என்னைப் பார்த்தார். நான் சேணத்தின் வாரைப் பார்த்தேன்.

அது போகட்டும். குதிரை இங்கே இருக்கிறது. வாயில் வழவழப்பான கம்பி இருக்கிறது. அதை மாற்றக் கூடாது என்பதில் பாய் உறுதியாக இருக்கிறார். அதன்மேல் ஏறுகிறவர்களுக்கு வீடியோ ஓட்டம் கிடையாது என்பதும் எழுதாத விதியாகிவிட்டது. விதி என் வாதத்தால் வரவில்லை, ஐந்து நட்சத்திரத்தால் வந்தது.

போன மாதம் உரிமையாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். மற்ற நாலையும் இப்படியே செய்து தரமுடியுமா என்று கேட்டார். அவற்றிலும் ஒன்று இப்போது தோப்பிலேயே துள்ள ஆரம்பித்திருந்தது. முடியும் என்றேன். வீடியோ ஓட்டத்தை முழுக்க நிறுத்துவதாக இருந்தால் அடுத்த திங்கள்கிழமையே தொடங்குகிறேன் என்றேன்.

"அது எப்புடி மேடம்? கஸ்டமர் கேக்கறாங்களே."

"அப்ப குதிரைங்களையும் கஸ்டமரையே பழக்கச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசித்துக்கொண்டே இருக்கிறார். நான் ஞாயிறுதோறும் செந்நிறப் பெட்டையில் ஏறுகிறேன். ஏரி முனையில் மற்ற நாலும் பாய்ந்து போகின்றன. அவை எழுப்புகிற புழுதியைத் தின்றுகொண்டு, நாங்கள் பின்னால் நடந்து வருகிறோம்.